‘எதை வச்சுச் சொல்ற?’: செட்டிநாட்டில் வரலாறு நடத்துபவருக்கு ஒரு கையேடு

பொதுத்தேர்வு முடிந்த மறுமாதமே ஆண்டுகள் மறந்துபோகும். அதற்காக ரொம்ப வருத்தப்பட வேண்டாம், ஆண்டுகளைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். இருபது வருடம் கழித்து ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள். பரணிலிருந்து கணக்கேட்டுக் கட்டு ஒன்று இறங்குகிறது. வாசலில் பழைய பேப்பர்காரர் தராசோடு நிற்கிறார். ‘கொஞ்சம் இருங்க, பிரிச்சுப் பாத்துட்டுப் போடலாம்’ என்று அந்த வீட்டில் ஒருவர் சொன்னால், பள்ளிக்கூடத்தில் அவருக்கு நல்ல வரலாற்று வாத்தியார் ஒருவர் வாய்த்திருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். அந்த ஒரு நிமிடத் தயக்கத்தை வகுப்பில் எப்படி விதைப்பது என்பதுதான் இங்கே விஷயம். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ‘எதை வச்சுச் சொல்ற?’ மாணவர் எதைச் சொன்னாலும், சரியாகவே சொன்னாலும், இதைக் கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னால் மட்டும் கேட்டால் அது அதட்டலாகிவிடும். சரியான பதிலுக்கும் கேட்டால்தான் பழக்கமாகும்.

செட்டிநாட்டில் இதற்கு வசதி அதிகம். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கும். தெருவுக்குத் தெரு நூறாண்டு கண்ட வீடு, ஊருக்கு ஊர் ஊருணி. வீட்டுக்குள் பேரேடு, ஐந்தொகை (இருப்புக் கணக்கு), சீர் சிட்டை (சீர்வரிசைப் பட்டியல்), ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதம் என்று காகிதம் குவிந்து கிடக்கும். பாடப்புத்தகத்தில் வரும் மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-ஆம் தேதி தூக்கிலிட்ட திருப்பத்தூர், காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள்தான். இவ்வளவும் இருந்தும் வகுப்பில் பத்திக்குக் கீழே கோடு போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது வீண்.

எந்த வகுப்பு, எத்தனை வேளை

எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பு சரியாக இருக்கும். பத்தில் ஆரம்பித்தால் தலைமையாசிரியர் முதல் பெற்றோர் வரை எல்லோரும் ‘போர்ஷன் முடிஞ்சுதா’ என்றுதான் கேட்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வாரம் ஒரு பாடவேளை வீதம் மொத்தம் 12 வேளை, அதுபோக இரண்டு அரைநாள் போதும். ஜூலையில் தொடங்குங்கள். வீடு அளக்கும் வேலையை ஆகஸ்டில் முடித்துவிடுங்கள். காலாண்டு விடுமுறை கழிந்து அக்டோபர் முதல் பாதியில் வெளியே கூட்டிப்போங்கள். அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொள்ளும். நவம்பர் எழுதுவதற்கு. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடியாத எதுவும் அந்த வருடம் முடியாது.

40 பேர் இருந்தால் ஐந்து பேராக 8 குழு. ஒவ்வொரு குழுவிலும் அளக்க இரண்டு பேர், எழுத ஒருவர், வரைய ஒருவர், கேள்வி கேட்க ஒருவர். வேலையை மாதம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் கையெழுத்து நன்றாக உள்ள பெண் வருடம் முழுக்க எழுதிக்கொண்டே இருப்பாள், பையன்கள் டேப்பை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

முதல் வகுப்பு: மேசையில் ஒரு பொருள்

முதல் நாள் பேச்சு வேண்டாம். மேசையில் ஒரே ஒரு பொருளை வையுங்கள். பித்தளைச் சட்டியோ, எனாமல் அடுக்குப் பாத்திரமோ, பழைய பூட்டோ போதும். செட்டிநாட்டுப் பாத்திரங்களில் வீட்டு விலாசம் (குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்) வெட்டியிருப்பது வழக்கம், அப்படி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு குழுவும் வந்து தொட்டு, தூக்கி, கவிழ்த்துப் பார்க்கட்டும். நோட்டில் மூன்று பத்தி: கண்ணால் பார்த்தது, அதிலிருந்து ஊகித்தது, யாரிடமாவது கேட்க வேண்டியது.

எல்லோரும் சறுக்கும் இடம் முதல் பத்திதான். ‘பழங்காலப் பாத்திரம்’ என்று எழுதுவார்கள். பழங்காலம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘அடியில் ஈயப்பூச்சு தேய்ந்திருக்கிறது, விளிம்பில் மூன்று எழுத்தும் ஒரு எண்ணும் வெட்டியிருக்கிறது, ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது’ என்பவை கண்ணுக்குத் தெரிந்தவை. பழங்காலம் என்பது இவற்றை வைத்துச் செய்த ஊகம். அதை இரண்டாம் பத்திக்குத் தள்ளச் சொல்லுங்கள். வரியை அடிக்க வேண்டாம், அம்புக்குறி போட்டு நகர்த்தினால் போதும். எங்கே சறுக்கினோம் என்பது நோட்டிலேயே தெரிய வேண்டும்.

வாத்தியார் செய்யும் தப்பு வேறு. 25-ஆவது நிமிடத்தில் பொறுக்கமுடியாமல் விடையைச் சொல்லிவிடுவார். அன்று சொல்லாதீர்கள். கேட்க வேண்டியவை என்ற பத்தியை வீட்டுப்பாடமாக எடுத்துப் போகட்டும். பாத்திரக்கடைக்காரர், பாட்டி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று யாரிடமாவது கேட்டுவிட்டு மறுவாரம் வந்து சொல்லட்டும். அந்த ஒரு வாரக் குறுகுறுப்புதான் இதில் முக்கியம்.

பழைய தேதியும் பழைய கணக்கும்

இதற்கு மூன்று வேளை ஒதுக்குங்கள். ஏட்டைத் திறந்ததும் பிள்ளைகள் பயப்படுவது இங்கேதான், விட்டால் பிடித்துக்கொள்வதும் இங்கேதான்.

முதலில் எண்கள். க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய என்று சொல்லிக்கொடுத்தால் ஒன்று முதல் பத்து வரை அரைமணியில் வந்துவிடும், எழுத்தின் சாயல்தான். நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. 1942-ஐப் பழைய முறையில் ௲௯௱௪௰௨ என்று எழுதுவார்கள். ‘ஆயிரத்து, ஒன்பது நூற்று, நாலு பத்து, இரண்டு’ என்று வாயால் சொல்லிப் பார்த்தால் புரிந்துவிடும். இதில் இரண்டு குழிகள் உண்டு. ௰௫ என்பதை 105 என்று படிப்பார்கள், அது 15. பிற்காலக் கணக்குகளில் அதே 15-ஐ ௧௫ என்றும் எழுதியிருப்பார்கள், இரண்டு முறையும் புழக்கத்தில் இருந்தவை. இன்னொரு குழி இன்னும் வேடிக்கையானது. பக்கத்தின் தலையில் போட்டிருக்கும் பிள்ளையார் சுழியை ௨ என்று படித்து, ‘எல்லாப் பக்கமும் ரெண்டாம் பக்கமா இருக்கு சார்’ என்பார்கள். அதைத் திருத்துவதற்கு முன், அது ஏன் இரண்டாக இருக்க முடியாது என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.

குறியீடுகளைத் தட்டியில் எழுதி ஒட்டிவையுங்கள்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். கையெழுத்தில் இவை அச்சில் இருப்பதுபோல அழகாக இருக்காது, சுழித்துத் தள்ளியிருப்பார்கள். ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து வருடம். ஏட்டில் 60 வருடச் சுற்றின் பெயர்தான் இருக்கும். பிரபவ 1927 ஏப்ரலில் தொடங்கியது என்பதை நங்கூரமாக வைத்துக்கொண்டு மேலும் கீழும் எண்ணலாம். காந்தி செட்டிநாட்டில் சுற்றிவந்த 1927 செப்டம்பர் அந்தப் பிரபவ வருடத்தில்தான் வரும். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் தாது வருடப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. பிரபவவிலிருந்து தாது பத்தாவது, முந்தைய பிரபவ 1867. எண்ணிப் பார்த்தால் சரியாக வரும். இப்படி ஒன்றைத் தாங்களே சரிபார்த்துவிட்டால் பிறகு பட்டியலைக் கேட்கமாட்டார்கள்.

இனி ஒரு பயிற்சி. கரும்பலகையில் இந்த வரியை எழுதுங்கள்: ‘விஷு௵ மார்கழி௴ ௯௳ ரங்கூனிலிருந்து எழுதியது’. இது பயிற்சிக்காக நாம் எழுதிக்கொண்ட வரி என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், கற்பித்த சான்றை நிஜம் என்று காட்டுவது இந்தத் தொழிலில் பெரிய குற்றம். விஷு, பிரபவவிலிருந்து பதினைந்தாவது, ஆகவே 1941. மார்கழி டிசம்பர் நடுவில் பிறக்கும், 9-ஆம் நாள் என்றால் டிசம்பர் 23 அல்லது 24. இதை அவர்கள் கண்டுபிடித்தபிறகு, ரங்கூன் மீது ஜப்பான் விமானங்கள் முதன்முதலில் குண்டு வீசியது 1941 டிசம்பர் 23 என்று பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கடிதம் எழுதியவர் அன்று காலையில் எழுதினாரா, குண்டு விழுந்தபிறகு எழுதினாரா, அந்தக் கடிதம் ஊருக்கு வந்துசேர்ந்திருக்குமா என்று வகுப்பே கேட்கத் தொடங்கும். தபால் முத்திரையின் அருமை அப்போதுதான் புரியும். கடிதத்தில் உள்ளது எழுதிய தேதி, முத்திரையில் உள்ளது அது நகர்ந்த தேதி.

தப்பு வரும் இடங்கள்: விஷு 1881-இலும் வந்தது, 2001-இலும் வந்தது. எந்த விஷு என்பதைத் தாள், மை, நாணயம், முத்திரை ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைவிட அடிக்கடி வருவது தை, மாசி, பங்குனித் தகராறு. வருடம் சித்திரையில் மாறுவதால் விஷு மாசி 1941-இல் வராது, 1942-இல்தான் வரும். ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்த 1942 மார்ச் 8-உம் விஷு மாசிதான். ஒரு வருடம் பிசகினால் ஆள் ஊர் வந்துசேர்ந்த பிறகு அங்கிருந்து கடிதம் போட்டதுபோல் ஆகிவிடும்.

பணக் கணக்கு ஒரு வேளையில் முடியும். 12 பை (அந்தக் காலச் சிறு காசு) ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். 3 ரூபாய் 11 அணா 8 பையோடு 2 ரூபாய் 7 அணா 9 பையைக் கூட்டச் சொல்லுங்கள். 6 ரூபாய் 3 அணா 5 பை வர வேண்டும். பாதிப்பேர் பத்துப் பத்தாகக் கூட்டி 5 ரூபாய் 18 அணா 17 பை என்று அப்படியே எழுதிவைப்பார்கள். 1957 ஏப்ரல் 1 முதல் 100 புதுப்பைசா ஒரு ரூபாய் ஆனது. எனவே ஏட்டில் அணா இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தையது. ஆனால் பேச்சில் ‘நாலணா’ அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு வீட்டை அளப்பது

கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊராக இருந்தாலும் சாவி காவலுக்கு இருப்பவரிடம் இருக்கும், அனுமதி உரிமையாளரிடம் இருக்கும். உரிமையாளர் ஒருவராக இருக்கமாட்டார், பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வெளிநாட்டிலுமாக இருப்பார்கள். ஒருவர் ‘தாராளமா வாங்க’ என்று சொல்லி, இன்னொருவர் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவது சாதாரணம். பள்ளி முத்திரையிட்ட கடிதம் ஒன்றை ஒரு மாதம் முன்பே கொடுத்து, ‘மற்ற பங்காளிகளிடமும் சொல்லிவிடுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பள்ளிக் கட்டடத்தையோ ஊருணிப் படித்துறையையோ அளந்தாலும் பாடம் அதேதான்.

தேவையானவை: 30 மீட்டர் டேப் இரண்டு, வரைபடத்தாள், பென்சில், அட்டை, சணல் கயிறு. அளவுகோல் 1 செ.மீ.க்கு 2 மீட்டர். அப்படியும் தெருவுக்குத் தெரு நீளும் வீட்டுக்கு இரண்டு தாளை ஒட்ட வேண்டிவரும். வெளியிலிருந்து உள்ளே போங்கள்: திண்ணை, முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு, அடுப்படி. முதலில் மொத்த நீளத்தை ஒரே இழுப்பில் அளந்து எழுதிவிட்டு, பிறகு அறை அறையாக அளக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் நிச்சயம் குறையும், சுவரை மறந்திருப்பார்கள். இந்த வீடுகளின் சுவர் தடிமனைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது, நிலைப்படியில் டேப்பை வைத்து அளக்கச் சொல்லுங்கள். விடுபட்ட இரண்டு மூன்று மீட்டரைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சி எந்தப் பரீட்சை மார்க்கிலும் வராது.

அளந்து முடித்தபிறகு ‘ஏன்’ வரட்டும். கூரை ஏன் முற்றத்தை நோக்கிச் சரிகிறது? மழைநீர் எங்கே போகிறது? வளவைச் சுற்றி ஒரே மாதிரி அறைகள் எதற்கு? கல்யாணமான மகன்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை என்பது தெரிந்தால், அறைகளை எண்ணிப் பார்த்துக் கட்டியவர் எவ்வளவு பெரிய குடும்பத்தை எதிர்பார்த்தார் என்று யோசிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், முட்டை வெள்ளைக்கருச் சாந்து’ என்ற மூன்றையும் எல்லாப் பிள்ளைகளும் வரும்போதே தெரிந்துவைத்திருப்பார்கள், சுற்றுலா வருபவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய்ப்பாடாகிவிட்டது. பொய் என்று தள்ள வேண்டாம், கேள்வியைக் கேளுங்கள். இந்தத் தூண் பர்மாவிலிருந்து வந்தது என்பதற்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? பில் உண்டா, கட்டுமானக் கணக்கு உண்டா? இரும்பு உத்திரத்தில் ஆலையில் உருட்டும்போதே பதிந்த கம்பெனிப் பெயர் இருக்கலாம், டார்ச் அடித்துப் பாருங்கள். சாமான் அறையில் மிச்சம் வைத்த ஓடு கிடந்தால் திருப்பிப் பாருங்கள், செய்த ஊர் பின்பக்கம் பதிந்திருக்கும். சாந்துக்கு என்ன போட்டார்கள் என்று பழைய கொத்தனார் ஒருவரைக் கேளுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் ‘அப்படிச் சொல்கிறார்கள்’ என்று எழுதினால் போதும். அந்த இரண்டு சொல்லை எழுதப் பழகிய பிள்ளை பாதி வரலாற்றாசிரியர் ஆகிவிட்டது.

உள்ளறைகளையும் பெட்டகங்களையும் பூட்டுகளையும் படம் எடுக்க வேண்டாம், எடுத்ததை வாட்ஸ்ஆப்பில் போடவே வேண்டாம். நிலை, கதவு, தூண் எல்லாம் விலைபோகும் ஊர் இது. ஆளில்லாத வீட்டின் வரைபடத்தை ஊருக்குக் காட்டக் கூடாது. தாளில் வீட்டுப்பெயரும் எழுதாமல் ‘வீடு 1’ என்றே போடுங்கள்.

பெரிய வீட்டோடு நின்றுவிடாதீர்கள்

செட்டிநாட்டு வரலாறு என்றாலே நகரத்தார் வரலாறு மட்டும் என்று ஆகிவிடுகிறது. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் அந்த வீடுகளைக் கட்டியவர்கள், அவற்றில் சமைத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், கண்டாங்கி நெய்தவர்கள், கண்மாய்க்குக் கீழே நெல் விளைத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அவர்களை விருந்தாளியாக உட்கார வைத்துவிட்டு ‘நம் வரலாறு’ என்றால் ஒட்டாது. ஆத்தங்குடிக் கல் போடும் ஒருவரிடம் ஒரு குழுவை அனுப்புங்கள். கல்லின் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். மெருகு தேய்த்ததால் வருவதல்ல அது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்துக் காயவிட்டு எடுக்கிறார்கள். கண்ணாடியின் முகம்தான் கல்லின் முகமாகிறது. இதைத் தெரிந்துகொண்டு வரும் பிள்ளை ‘கட்டினார்’ என்ற வினைச்சொல்லை இனிமேல் யோசித்துத்தான் எழுதும்.

‘உன் குடும்ப வரலாற்றை எழுதி வா’ என்ற வீட்டுப்பாடம் மட்டும் கொடுக்காதீர்கள். சாதியும் சண்டையும் அப்பா இல்லாத வீடும் எல்லாம் அதில் வெளியே வரும். ‘உன் வீட்டில் உள்ள ஒரு பழைய கருவி, அதை யார் எதற்குப் பயன்படுத்தினார்’ என்று கேளுங்கள். ரேஷன் கார்டு, கொத்துக் கரண்டி, தறிக்கட்டை என்று வரும். பேரேட்டுக்கு இருக்கும் மதிப்பு அவற்றுக்கும் உண்டு.

கடல் கடந்த கதைக்கும் இரண்டு பக்கம் உண்டு. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைவசம் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1937-இல் 25 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதி, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது, கடனைக் கட்ட முடியாத விவசாயியின் நிலம் வட்டிக்கடைக்கு வந்தது. கடை நடத்தியவருக்குப் பணமாகத் திரும்ப வேண்டியது நிலமாக முடங்கியது. பர்மிய விவசாயிக்குப் போனது வாழ்வாதாரம். ஒரு குழு, வட்டிக்கடையை நடத்தும் மேலாள் ஊருக்கு எழுதும் கடிதத்தையும், இன்னொரு குழு அந்த விவசாயியின் முறையீட்டையும் எழுதட்டும். யார் கெட்டவர் என்று தீர்ப்புச் சொல்லும்படி வகுப்பை விடாதீர்கள், பிள்ளைகளுக்கு அதில்தான் ஆசை இருக்கும்.

பெரியவர்களிடம் கேட்பது

ஒரு குழுவுக்கு ஒருவர், 40 நிமிடம், அதற்குமேல் அவர்களுக்கும் களைப்பு. பதிவுக்கு உங்கள் போனையே வைத்துக்கொள்ளுங்கள். விமானப் பயன்முறையில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள் அல்லது முற்றத்துப் பக்கம் உட்காருங்கள். எழுதியெடுக்க 10 நிமிடப் பதிவுக்குப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் யாரும் எழுதமாட்டார்கள், சிறந்த 5 நிமிடத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

‘எந்த வருஷம் ஆச்சி?’ என்று கேட்டால் ‘யாருக்குத் தெரியும் அப்பு’ என்றுதான் பதில் வரும். ‘அப்ப நீங்க எந்த வகுப்பு படிச்சிங்க, கல்யாணம் ஆயிருச்சா, புதுப்பைசா வந்திருச்சா?’ என்று கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தில் உதவும் நங்கூரங்கள்: 1957 ஏப்ரல் (புதுப்பைசா வந்த அதே வாரம், 5-ஆம் தேதி, காரைக்குடியில் கல்லூரிகள் தொடங்கிய அழகப்பச் செட்டியார் இறந்தார்), 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல். இவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டாலே ஓரிரு வருடத்துக்குள் பிடித்துவிடலாம்.

ஜப்பானியர் வந்தபோது பர்மாவிலிருந்து நடந்துவந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகக் குறைவு. பெரும்பாலும் கிடைப்பது ‘எங்க ஐயா சொல்லுவாக’ என்பதுதான். நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பா அல்லது கே என்று போடச் சொல்லுங்கள்: பார்த்தது, கேட்டது. கேட்டது மட்டம் என்று அர்த்தமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ‘கொண்டுவிக்கப் போனார்’, ‘பெட்டியடி’, ‘அடுத்தாள்’ போன்ற சொற்கள் வந்தால் அப்படியே எழுத வேண்டும். ‘வெளிநாட்டு வியாபாரம்’, ‘கணக்காளர்’ என்று பிள்ளைகள் ‘திருத்தி’ எழுதிவிடுவார்கள், சொல்லோடு விஷயமும் போய்விடும்.

வெளியே போகும் நாள்

ஒரே ஓர் இடம். திருமயம் கோட்டை, பிள்ளையார்பட்டிக் குடைவரை, திருப்பத்தூர் என்று மூன்றையும் ஒரே நாளில் சுற்றினால் மறுநாள் பிள்ளைகளுக்கு நினைவிருப்பது மத்தியானம் சாப்பிட்ட பரோட்டா மட்டும். திருப்பத்தூர் என்றால் அக்டோபர் கடைசி வாரம் வேண்டாம். நினைவுநாள் கூட்டமும் வாகனக் கட்டுப்பாடும் இருக்கும். போவதற்கு முந்தைய வேளையில் சின்ன மருதுவின் 1801 ஜூன் 16 திருச்சி அறிவிப்பைப் படித்துவிட்டுப் போங்கள். அது யாரை நோக்கிப் பேசுகிறது, என்ன செய்யச் சொல்கிறது என்று தெரிந்தபிறகு நினைவிடத்தைப் பார்ப்பது வேறு.

கல்வெட்டு இருக்கும் இடமானால் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் பூசக் கூடாது, விரலால் தேய்க்கவும் கூடாது. நிழலில் நின்று, டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட ஒட்டினாற்போலப் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. படியெடுப்பது தொல்லியல் துறை அனுமதி பெற்றவர்கள் வேலை.

காகிதம் வந்தால்

பிள்ளைகள் உற்சாகத்தில் வீட்டுப் பெட்டியையே தூக்கிவருவார்கள். மூலத்தைப் பள்ளியில் ஓர் இரவுகூட வைத்துக்கொள்ளாதீர்கள். காணாமல் போனால் அந்த வீட்டுக்கு வரலாற்றின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். ஒரு நோட்டில் வாங்கிய நேரம், திருப்பிக் கொடுத்த நேரம், கையெழுத்து. ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, பக்கத்துக்கு இரண்டு படம். கோப்புக்குப் பெயர் ‘ஊர்-தேதி-எண்’ என்ற வரிசையில். லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டாம், பின்னும் ஸ்டேப்ளரும் துருப்பிடிக்கும். ஓலைச்சுவடிக்கு எண்ணெய் தடவுவதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொன்னால் போதும். 75 ஆண்டு கடந்த சுவடிகளும் 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்களும் 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடியவை என்பதை வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள்.

காகிதத்தைச் சேர்ப்பதால் என்ன ஆகும் என்று கேட்கும் பிள்ளைக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்லலாம். விளம்பரப் பலகை எழுதியவர், புத்தகமும் நோட்டீசும் அழைப்பிதழும் என்று சுமார் ஒரு லட்சம் உருப்படி சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தபின் அந்தத் தொகுப்பிலிருந்துதான் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் 1994-இல் உருவானது.

திருத்துவதும் ஒப்படைப்பதும்

கட்டுரைகளில் சரி, தப்பு போடுவதைக் குறைத்து, ஓரத்தில் ‘எதை வைத்து?’ என்று மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், அதற்குமேல் எழுதினால் பிள்ளை துவண்டுவிடும். உங்களுக்குத் தெரியாததை ‘தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லி, மறக்காமல் அடுத்த வாரம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதில் பிள்ளை தப்புக் கண்டுபிடித்தால், அதைப் பலகையில் எழுதிப் பெயரோடு ஒப்புக்கொள்ளுங்கள்.

வருடக் கடைசியில் எட்டுக் குழுவின் நோட்டுகளையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, மேலே வருடத்தை எழுதி, நூலகத்தில் வையுங்கள். பட்டியல் ஒன்று பெட்டிக்குள், நகல் ஒன்று தலைமையாசிரியரிடம். அரசுப் பள்ளியில் மாறுதல் எப்போது வேண்டுமானாலும் வரும். சாவி உங்களிடம் மட்டும் இருந்தால் நீங்கள் போன அன்றே பெட்டி விளையாட்டுச் சாமான் அறைக்குப் போய்விடும்.

ஜூனில் அடுத்த வகுப்புக்கு முதல் வேலை அந்தப் பெட்டியைத் திறப்பதுதான். போன வருடத்து நோட்டில் குழுவுக்கு மூன்று தப்புக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: பிசகிய தை மாதம், கூட்டலில் விடுபட்ட சுவர், ‘பார்த்தது’ என்று போட்ட ‘கேட்டது’. பழைய வரியை அடிக்காமல் பக்கத்தில் வேறு நிற மையில் எழுதி, கீழே தேதி போட வேண்டும். முன்பு எழுதிய அண்ணனோ அக்காவோ இப்போது மேல் வகுப்பில் இருப்பார்கள். இடைவேளையில் அவர்களைத் தேடிப் போய் என்ன கேட்க வேண்டும் என்பதை இதற்குள் எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருப்பார்கள்.